அரைக்கால் சுற்று

என் கொழுந்தனுக்குக் 'கோணக்கை' என்று பெயர் வைத்தவள் நான்தான். வீட்டுக்குள் வைத்த பெயர் மைதானம் வரைக்கும் போய்விட்டது. மைக் பிடிப்பவர்கூட, அடுத்து வருவது கோணக்கை என்றுதான் அறிவிப்பார். அவனும் கோபித்துக்கொள்ளாமல் வண்டியின் பின்கண்ணாடியில் அதையே ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பொருத்தமான பெயர் வைக்க எல்லாராலும் முடியாது இல்லையா.

நான் ஒரு டயர் கடையில் வீல் அலைன்மென்ட் பார்க்கிறேன். பதினோரு வருடமாகிறது. நாலு சக்கரத்திலும் கேமராத் தட்டை மாட்டி, திரையில் சிவப்பாக இருக்கும் எண்களைப் பச்சையாக்குவது என் வேலை. என் கையால் பச்சையான வண்டி அதே குறையோடு திரும்பி வந்ததில்லை. இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் கடையில் வேறு யாரும் சொல்வதில்லை என்பதால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாளிக்கு என்னைப் பிடிக்காது, என் எண்களைப் பிடிக்கும்.

அலைன்மென்ட் பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும். சக்கரம் எவ்வளவு சாய்கிறது என்கிற கேம்பர், எந்தப் பக்கம் பார்க்கிறது என்கிற டோ என்றெல்லாம் விளக்கினால் தலையை ஆட்டிவிட்டு, "ஸ்டீயரிங் நேரா இருக்குல்ல?" என்று கேட்பார்கள். அதனால் எங்கள் தொழிலில் முதல் காரியம், ஸ்டீயரிங்கை நேராக வைத்து, அசையாமல் ஒரு கம்பியால் பூட்டிவிடுவது. பிறகு கீழே இறங்கி, சக்கரங்களை அதற்குத் தகுந்தபடி திருப்பி வைப்பது. பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு ஏழெட்டு வண்டி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசையில்தான் செய்வேன்.

என் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். ஒரே தடம், ஒரே நிறுத்தங்கள், இருபது வருடம். அவருடைய தம்பி ஓட்டுவது ட்ரிஃப்ட் கார். அதாவது, வண்டி மூக்கை உள்ளே காட்டிக்கொண்டு, பின்பக்கம் வெளியே வீசியபடி, பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே வளைவைக் கடக்க வேண்டும். வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. எவ்வளவு சாய்வாக, எவ்வளவு விடாமல் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. ஒரு மணி நேரத்தில் இரண்டு டயர் புகையாகிவிடும். முதல் தடவை பார்க்கப் போனபோது என் கணவர் முக்கால் மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "நேராப் போறதுக்குத்தானேடா ரோடு போட்டிருக்கான்" என்றார்.

ஆனால் தம்பி மேல் அவருக்கு உயிர். எனக்கும்தான். நான் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடத்துப் பையன். இன்று அவனுக்கு முப்பத்தொன்று. பகலில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை, மிச்ச நேரமெல்லாம் இந்த வண்டி. வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் அவனை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. இடப்பக்கம் திரும்பும் வளைவு வந்தால் மட்டும் பாதியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவான். வண்டி நிமிர்ந்துவிடும், மதிப்பெண் போய்விடும். எடுக்காமல் விட்டால் வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நிற்கும். இரண்டு இறுதிச் சுற்றுகளை அப்படித்தான் தோற்றான்.

நான்கு வருடத்துக்கு முன்னால், இது ஆரம்பித்த புதிதில், அவன் என்னிடம் வந்து சொன்னான். "இடது வளைவுல ஸ்டீயரிங் சீக்கிரம் தீர்ந்துபோகுது அண்ணி." நான் வண்டியை மெஷினில் ஏற்றிப் பார்த்தேன். எல்லாம் பச்சை. காகிதத்தை அச்சடித்து அவன் கையில் திணித்து, வண்டியில் ஒன்றுமில்லை, கையில்தான் இருக்கிறது என்று சொன்னேன். அன்றைக்குத்தான் அந்தப் பெயரும் வைத்தேன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இந்த வருடம் ஒரு வாய்ப்பு வந்தது. நாட்டிலேயே பெரிய அணி ஒன்று தன் இரண்டாவது வண்டிக்கு ஓட்டுநர் தேடியது. மூன்று பேரைச் சோதனைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அதில் இவனும் ஒருவன். சனிக்கிழமை காலை, அவரவர் சொந்த வண்டியில், அவர்களுடைய மைதானத்தில். முப்பத்தொரு வயதில் இன்னொரு தடவை கூப்பிட மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதற்காகவே சேர்த்து வைத்திருந்த சஸ்பென்ஷன் சாமான்களை அந்த வாரமே மாட்டிவிடுவது என்று முடிவானது. உயரத்தை மாற்றிக்கொள்ளும்படியான ஷாக் அப்சார்பர் நான்கு, முன்சக்கரங்களைக் கீழே பிடித்துக்கொள்ளும் நீளமான கீழ்க்கைகள், சக்கரம் இன்னும் அதிகமாக ஒடிந்து திரும்புவதற்கான புது நக்கிள்கள், புது டை ராடுகள்.

புதன்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு காலை எட்டு மணிக்கே வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டோம். பின்பக்கத்தைக் கொழுந்தன் கழற்றினான், முன்பக்கம் என் பொறுப்பு, அதில் இன்னும் எதையும் கழற்றவில்லை. பதினோரு மணிக்கு, பின் ஷாக்கோடு வந்த போல்ட் ஒன்று பொருந்தவில்லை என்று அவன் கடைவீதிக்குக் கிளம்பினான். நான் மட்டும் இருந்தேன். விளக்கைக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு, பழைய டை ராடின் லாக் நட்டைச் சுத்தம் செய்தேன்.

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இடமும் வலமுமாக நகருகிற பல்சட்டம்தான் ராக். டை ராட் என்பது அந்த ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி. அதில் மரை இருக்கும். திருகினால் நீளும், குறையும். நான் சக்கரத்தை நேராக்குவது அதைத் திருகித்தான். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது இடப்பக்கத்தில் நட்டுக்கு வெளியே மரை நிறையத் தெரிந்தது. எண்ணினேன், பதின்மூன்று. சும்மா, பொழுதுபோகாமல், வலப்பக்கமும் எண்ணினேன். ஐந்து.

ஒன்றிரண்டு வித்தியாசம் எல்லா வண்டியிலும் இருக்கும். எட்டு என்பது இருக்கக் கூடாது. மறுபடி எண்ணினேன். அதே பதின்மூன்று, அதே ஐந்து.

லிஃப்டை இறக்கி, உள்ளே உட்கார்ந்து, ஸ்டீயரிங்கின் உச்சியில் ஒரு துண்டு டேப் ஒட்டினேன். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பினால் மொத்தம் மூன்று சுற்று. அப்படியென்றால் நேராக இருக்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை இருக்க வேண்டும். இடப்பக்கம் ஒன்றரைக்கு மேல் இன்னும் அரைக்கால் சுற்று, அதாவது எட்டில் ஒரு பங்கு, போயிற்று. வலப்பக்கம் அதே அரைக்கால் குறைந்தது. முன்சக்கரங்களை, திரும்பும் கோணத்தைக் காட்டும் டிகிரித் தட்டின் மேல் ஏற்றி, கடைசிவரை ஒடித்துத் திருப்பினேன். இடப்பக்கம் நாற்பத்தெட்டு டிகிரி. வலப்பக்கம் நாற்பத்தொன்று.

தட்டை இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன்.

இடப்பக்கம் திரும்பும் வளைவில் வண்டியின் பின்பக்கம் வலப்பக்கமாக வெளியே வீசும். அப்போது ஓட்டுகிறவன் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம், வலப்பக்கமாகத்தான் முழுசாக ஒடிக்க வேண்டும். ஏழு டிகிரி குறைந்தால் வண்டி சுற்றிக்கொள்ளாமல் என்ன செய்யும்? சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று அவன் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

நான்கு வருடத்துக்கு முன்னால் பழைய ராக்கில் எண்ணெய் ஒழுகியதால், பழைய வண்டிகளை உடைத்து விற்கிற கடையிலிருந்து ஒரு ராக்கைக் கொண்டுவந்து அண்ணனும் தம்பியும் சேர்ந்து மாட்டினார்கள். ஸ்டீயரிங் தண்டைச் சொருகும்போது ராக் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கவில்லை, நாலைந்து பல் தள்ளிச் சொருகிவிட்டார்கள். வண்டி என்னிடம் வந்தது. நான் என்ன செய்தேன்? எப்போதும் செய்வதைச் செய்தேன். ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி, டை ராடுகளைத் திருகி, சக்கரங்களை நேராக்கினேன். எண்கள் பச்சையாயின. ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது போதும். கடைசிவரை ஒடித்துக்கொண்டு யார் ரோட்டில் போகிறார்கள்? மெஷின்கூட இருபது டிகிரிக்கு மேல் திருப்பச் சொல்லாது. இந்த வண்டி பாதி நேரம் கடைசிவரை ஒடித்துக்கொண்டுதான் ஓடுகிறது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். அவன் வாய்விட்டுச் சொன்ன பிறகாவது மரையை எண்ணியிருக்க வேண்டும். எண்ணவில்லை. காகிதத்தைக் கையில் திணித்தேன்.

தண்டின் இணைப்பைக் கழற்றி, ராக்கைச் சரியாக நடுவில் நிறுத்தி, மறுபடி சொருகினேன். அதற்குக் கால் மணி நேரம்தான் ஆயிற்று. நான்கு வருடம், கால் மணி நேரம். அவன் போல்டோடு திரும்பி வந்தபோது பழைய டை ராடுகள் இரண்டையும் துணியில் சுற்றி என் கருவிப்பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். ஏன் ஒளித்தேன் என்று கேட்டால், பயம். வேறென்ன.

மாலைக்குள் எல்லாம் முடிந்தது. முன்சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாயும்படி ஐந்து டிகிரி கேம்பர், பின்சக்கரங்கள் அநேகமாக நேர். வலதும் இடதும் அறுபது டிகிரி ஒடிந்தது. கொழுந்தன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. எதற்குச் சொல்ல வேண்டும்? புதுச் சாமான் மாட்டினோம், கோளாறு போய்விட்டது, எல்லாரும் நிம்மதி. யாருக்கும் நஷ்டமில்லை. இப்படி நினைத்துக்கொண்டு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பயிற்சி மைதானத்துக்குப் போனேன். வலது வளைவில் புது வண்டி பறந்தது. இதுவரை பார்க்காத சாய்வு, டயர் சுவரை ஒட்டி ஒரு சாண் இடைவெளியில் பின்பக்கம் வீசிக்கொண்டு போயிற்று. பிறகு இடது வளைவு வந்தது. பாதியில் இஞ்சின் சத்தம் இறங்கியது. காலை எடுத்துவிட்டான்.

அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே சத்தம். பத்துச் சுற்று ஓடினான், பத்திலும் எடுத்தான். ஸ்டீயரிங் இப்போது தீரவில்லை, இன்னும் பத்தொன்பது டிகிரி மிச்சம் இருக்கிறது. அது அவனுடைய காலுக்குத் தெரியவில்லை. நான்கு வருடமாக அந்த இடத்தில் எடுத்துப் பழகிய கால் அது. பதினோராவது சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு எடுக்காமல் இருக்கப் பார்த்தான், பயத்தில் பிந்தி எடுத்தான், வண்டியின் முன்சக்கரம் டயர் அடுக்கில் போய் இடித்தது.

பெரிய சேதமில்லை. டோ கலைந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அவன் இறங்கி வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, "சாமான் மேல குத்தம் இல்ல அண்ணி. கைதான்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை மதியம் என் கணவர் முதல் ஷிப்ட் முடிந்து சாப்பிட வந்தபோது அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே, ராக்கை மாட்டியது நீங்கள்தானே என்று ஒரு போடு போட்டேன். பழியில் பாதியை இறக்கி வைக்க ஆசை. அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"நான்தான் மாட்டினேன். நான் பஸ் ஓட்டறவன், எனக்கு இது தெரியாது. தெரிஞ்சவங்க கிட்டத்தான கொண்டுவந்து விட்டோம்" என்றார்.

அவருக்கு மோர் ஊற்றினேன். கை கழுவிவிட்டு வந்து அவரே, இப்போது எதற்குச் சொல்கிறாய், நாளைக்குச் சோதனை, பிள்ளை மனசைக் கலைக்காதே என்று புத்தி சொன்னார். சோதனை முடியட்டும், பிறகு ஒரு நல்ல நாளில் சொல்லிக்கொள்ளலாம். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எனக்கு வசதியாகவும் இருந்தது. அந்த வசதிதான் உறுத்தியது. கை கோணல் என்று நம்பிக்கொண்டே அவன் நாளைக்கு வளைவுக்குள் போனால் காலை எடுக்கத்தான் செய்வான். கோணல் இல்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

மூன்று மணிக்கு டோ சரிபார்க்க வண்டியைக் கொண்டுவந்தான். கடையில் வேறு வேலை இல்லாத நேரம். முதலாளி உள்ளே போனில் இருந்தார். வண்டியை மெஷினில் ஏற்றியதும், கேமராத் தட்டை மாட்டாமல், அவனை உள்ளே உட்காரச் சொன்னேன். கடைசிவரை வலப்பக்கம் ஒடி என்றேன். ஒடித்தான். கீழே டிகிரித் தட்டைப் பார்த்துச் சொன்னேன், அறுபது. இடப்பக்கம் ஒடி. அறுபது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, இறங்கி வந்தான். கருவிப்பெட்டியை நகர்த்தி, துணியைப் பிரித்து, இரண்டு டை ராடுகளையும் அவன் கையில் கொடுத்தேன்.

"எண்ணிப் பாரு" என்றேன்.

கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு மரையாகத் தொட்டு எண்ணினான். பதின்மூன்று. ஐந்து. லிஃப்ட் பழுதுபார்க்கிறவனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அரைக்கால் சுற்று, ஏழு டிகிரி, நான் எண்ணாமல் விட்டது, புதன்கிழமை ஒளித்து வைத்தது, எல்லாம்.

"உன் கையில எந்தக் காலத்துலயும் கோணல் இல்லடா. என் வேலைதான் கோணல்" என்றேன்.

 எத்தனை வருடமாக என்று கேட்டான். ராக் மாட்டினதிலிருந்து என்றேன். மறுபடி மரைகளைப் பார்த்தான். பிறகு இரண்டையும் பெஞ்சின் மேல் பக்கத்தில் பக்கத்தில், சத்தம் வராமல் வைத்தான்.

"சரி அண்ணி. டோ பாருங்க. மைதானம் ஆறு மணிக்கு மூடிருவாங்க" என்றான்.

அவ்வளவுதான். திட்டுவான் என்று நினைத்திருந்தேன். குறைந்தபட்சம் ஒரு பார்வையாவது பார்ப்பான் என்று நினைத்திருந்தேன். எனக்கு மனசு இலேசாகிவிட்டது. உண்மையைச் சொல்வதானால், இவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டானே என்று கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. நான் மூன்று நாளாகச் செத்துக்கொண்டிருந்தேன், இவனுக்கு டோ முக்கியம். முக்கால் மணி நேரத்தில் டோவை முடித்துக் கொடுத்தேன். ஸ்டீயரிங்கைப் பூட்டுவதற்கு முன்னால் ராக்கின் சுற்றுகளை இரண்டு தடவை எண்ணினேன். அவன் பயிற்சிக்குப் போய்விட்டான். நான் வேறு ஒருவருடைய குடும்பக் காரின் கீழே போய்ப் படுத்தேன்.

சனிக்கிழமை காலை அணியின் மைதானத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். என் கணவர் ஷிப்டை மதியத்துக்கு மாற்றிக்கொண்டு, இங்கிருந்து நேராக வேலைக்குப் போகப் பேருந்துச் சீருடையிலேயே வந்திருந்தார். ஆளுக்கு மூன்று ஓட்டம். பாதையில் வலது வளைவு ஒன்று, இடது வளைவு மூன்று. அதைப் பார்த்ததும் என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதல் ஓட்டத்தில் வலது வளைவு வழக்கம்போல. முதல் இடது வளைவில் காலை எடுக்கவில்லை. இரண்டாவதில் எடுத்துவிட்டான். வண்டி நிமிர்ந்தது. மைதானத்தின் ஓரத்தில் இருந்தவர்களில் ஒருவர் காகிதத்தில் ஏதோ எழுதினார். இரண்டாவது ஓட்டத்தில் மூன்று இடது வளைவிலும் இஞ்சின் சத்தம் இறங்கவில்லை, கடைசி வளைவில் மட்டும் கோடு கொஞ்சம் அகலமாகப் போயிற்று.

மூன்றாவது ஓட்டத்தைப் பற்றி எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இஞ்சின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டே இருந்தது. வண்டி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசியது, மறுபடி வீசியது, மூன்று இடது வளைவையும் ஒரே வளைவு மாதிரி ஒட்டவைத்துக்கொண்டு போயிற்று. முன்சக்கரங்கள் வலப்பக்கம் கடைசிவரை ஒடிந்திருந்தன, நான் பார்த்தது அவற்றை மட்டும்தான். என் கணவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். புகை விலகியபோதும் விடவில்லை, வலித்தது.

மற்ற இருவரும் ஓடி முடித்து அரை மணி நேரம் கழித்து, அணி மேலாளர் எங்கள் பக்கம் வந்தார். நரைத்த குட்டை முடி, கையில் அந்தக் காகிதங்கள். கொழுந்தனைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசினார், கை கொடுத்தார். அடுத்த பருவத்திலிருந்து இரண்டாவது வண்டி இவனுக்கு. என் கணவர் சீருடைச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ வேலை இருப்பதுபோல் வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

மேலாளர் போகிற வழியில் என்னிடம் நின்றார். நீங்கள்தான் அந்த அண்ணியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நம் புகழ் இங்கேயும் வந்துவிட்டதே என்று நினைத்தேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே நான் போன் பண்ணிக் கூப்பிட்டேன், தெரியுமா? அப்பவே இடம் குடுக்கிறேன்னேன். சோதனைகூட வேண்டாம்னேன். இவர்தான் வேண்டாம்னுட்டாரு. இடது வளைவு எனக்கு வராது சார், வண்டியில கோளாறு இல்ல, எங்க அண்ணி பாத்துட்டாங்க, அவங்க பாத்தா தப்பா இருக்காது, என் கைதான் சரியில்ல, உங்க வண்டியைக் கெடுத்துடுவேன்னாரு."

பிறகு, அதை எப்போது சரி செய்தார் என்று கேட்டார். நேற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அன்றைக்கு அந்த இடத்துக்கு வந்த பையன்தான் இப்போது எங்கள் முதல் வண்டியை ஓட்டுகிறான் என்று, தூரத்தில் இருந்த ஒரு வண்டியைக் கைகாட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பையனுக்கு இருபத்துநாலு வயது இருக்கும். யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

கொழுந்தன் இழுவை வண்டியின் மேல் காரை ஏற்றிவிட்டு, சக்கரங்களில் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். போன் வந்தது உண்மையா என்று கேட்டேன். தலையாட்டினான். இதை ஏன் நேற்றே சொல்லவில்லை என்றேன்.

"நேத்து சொல்லியிருந்தா நீங்க உக்காந்து அழுதிருப்பீங்க. எனக்கு டோ ஆகணும்" என்றான்.

"என் மேல கோவமே இல்லையாடா உனக்கு?"

பட்டையை இழுத்து இறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"இருக்கு அண்ணி. நெறைய இருக்கு. நேத்து அதுக்கு நேரம் இல்ல."

பிறகு, பட்டையின் மறுமுனையை என் பக்கம் போட்டு, பிடிக்கச் சொன்னான். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் சமாதானம் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. நாலு சக்கரத்தையும் அவன் கட்டி முடிக்கும்வரை, அழுதுகொண்டே பிடித்துக்கொண்டு நின்றேன்.